ஐஸ் பெட்டி இருந்த கராஜ்

எங்கள் தமிழர் சங்கத்தின் ஐஸ் பெட்டி, மும்பையில் தாராவி ஓரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழே, முன்பு யாரோ ஒரு டாக்டர் கார் நிறுத்திய கராஜில் இருந்தது. கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி. வீட்டில் சாவு விழுந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலை அதில்தான் கிடத்துவோம். தகரக் கூரைக்குக் கீழே பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறவர்கள், மே மாதத்தில் அந்தப் பெட்டி இல்லாமல் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

கராஜுக்கு ஒரே வாசல், இரும்பு ஷட்டர். சாவி செயலாளர் அண்ணாச்சியிடம். அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். சரக்கு எடுக்கத் தாணேக்குப் போய்விட்டால் சாவியும் கூடவே போய்விடும். இரண்டு முறை அப்படி ஆனதும் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கையில் எது கிடைத்தாலும் அதற்கு மோட்டார் வைக்கத் தோன்றுகிற வயது. ஷட்டருக்கு மோட்டார் போடுவோம், ரிமோட் மூன்று பேரிடம் இருக்கட்டும் என்றேன்.

அண்ணாச்சி காதைக் குடைந்தபடி கேட்டார். "ஏட்டி, பட்டன அமுக்குனா ஷட்டர் மட்டும் எந்திரிக்குமா, பொணமும் சேந்து எந்திரிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மோட்டார் போட்டேன். ரிமோட் ஒன்று என்னிடம், ஒன்று அண்ணாச்சியிடம், ஒன்று எதிர் டீக்கடையில். கரண்ட் போனால் கையால் தூக்க ஒரு சங்கிலி உண்டு. அது உள்பக்கம் தொங்கியது. சுவரில் துளை போட்டு வெளியே இழுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 'இனிமேல் சாவியே வேண்டாம்' என்று எல்லோரிடமும் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு சாவுகளுக்கு ஷட்டர் ஒழுங்காகத் திறந்தது.

மூன்றாவது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி இருந்த ஆச்சி காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மூத்த மகன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஆச்சியின் மகள் எனக்குப் போன் செய்தபோது மணி எட்டு.

"அண்ணனுக்கு டிக்கெட் கெடச்சிட்டு. சாய்ங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவானாம். அம்மா மொகத்த மட்டும் எப்படியாவது வச்சிருங்கன்னு அழுதான்."

"பத்து நிமிஷத்துல பெட்டி வந்துரும்க்கா."

செம்பூர்ச் சங்கத்திலும் ஒரு பெட்டி சும்மா இருக்கிறதாம், அதைச் சொல்லிவைக்கவா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். நம்மிடம் இருக்கும்போது எதற்கு?

ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் முனகியது. ஷட்டரின் அடிப்பட்டைகள் நடுவில் வயிறு தள்ளினாற்போல் முன்னால் வந்தன. அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் அதே முனகல், அதே வயிறு.

பிழை கண்டுபிடிப்பதை எங்களுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எளியதில் தொடங்கு, ஒவ்வொன்றாகத் தள்ளு. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். வெளிச்சுவரில் இருந்த கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து வோல்டேஜ் பார்த்தேன். ஷட்டர் எதுவரை ஏற வேண்டும் என்கிற லிமிட் செட்டிங்கை மாற்றினேன். மோட்டாருக்குத் தெம்பு இல்லை என்று முடிவுகட்டி, ஆட்டோ பிடித்துக் குர்லா போய்ப் பெரிய கண்டென்சர் வாங்கிவந்து மாட்டினேன். இப்போது மோட்டார் இன்னும் பலமாக இழுத்தது. உள்ளே எங்கோ இரும்பு நெரிகிற சத்தம். வயிறு இன்னும் கொஞ்சம் பெருத்தது. ஏதோ அசைகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இடையில் மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் பத்து நிமிடம் என்றேன். அண்ணாச்சியை மட்டும் கூப்பிடவில்லை. சான்பாடாவில் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார், பந்தியில் இருப்பார், எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பத்தே முக்காலுக்கு வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நடு லாக்க சாவி போட்டு பூட்டிட்டுல்லா வந்திருக்கேன். மொதல்ல அதப் பாத்தியாட்டி?"

ஷட்டரின் நடுவில் ஒரு பூட்டு உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே இரண்டு கம்பிகள் இருபக்கச் சட்டத்துக்குள்ளும் போய்ச் செருகிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. போன வாரம் பெட்டியைத் திருப்பி வைத்தவர் அவர்தான். முப்பது வருடமாகக் கடை பூட்டுகிற கை, பட்டனை அமுக்கிவிட்டுச் சும்மா போகாது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். பூட்டைக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். சங்கிலியை வெளியே எடுத்துவைத்திருந்தால், கையால் இழுக்கும்போதே எங்கோ பூட்டியிருப்பது தெரிந்திருக்கும். குறைந்தபட்சம் ஒரு போன் செய்திருக்க வேண்டும்.

அவர் சாப்பாட்டின் பாதியில் எழுந்து, ரயில் மாறி, பன்னிரண்டேகாலுக்குச் சாவியோடு வந்து நின்றார். சட்டை முழுக்க வியர்வை. சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இரண்டரை மணி நேரம் என் மோட்டார் இழுத்த இழுப்பில் உள்ளே கம்பிகள் வளைந்துவிட்டிருந்தன.

செம்பூருக்குப் போன் போட்டோம். ஒன்பதரை மணிக்கே வேறு வீட்டுக்குப் பெட்டி போய்விட்டது என்றார்கள்.

ஷட்டரை அறுக்கத்தான் வேண்டும். வெல்டிங் பட்டறை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தொழுகை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆனால் நான் மாட்டிய கண்டென்சரோ என்னவோ, கட்டடத்தின் ஃபியூஸ் போயிருந்தது. டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்தோம். பாய் அறுக்கும்போது தீப்பொறி பறந்து என் கையில் பட்டது. நான் கையை எடுக்கவில்லை.

பெட்டியைக் கைவண்டியில் ஏற்றும்போது மணி மூன்று. வண்டி எங்கள் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் பறைச் சத்தம் கேட்டது. எதிரே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் வாங்கிப்போட்ட ஐஸ் பாளமெல்லாம் கரைந்து, புண்ணில் வாடை வரத் தொடங்கியதும், இனி வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். நாங்கள் காலிப் பெட்டியைச் சுவரோரமாக ஒதுக்கி, ஆச்சிக்கு வழிவிட்டோம். மகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மகன் ஆறேகாலுக்கு வந்தார். தங்கை போனில் எடுத்துவைத்திருந்த முகத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பெட்டி ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். பெட்டி ரிப்பேர் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். அப்படி நின்றது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மகன் ஒரு பையோடு கராஜுக்கு வந்தார். ஷட்டர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் தொங்கியது. பையில் ஸ்பேனர், டெஸ்டர், கேஸ் பார்க்கிற மீட்டர்.

"நாளைக்கு ஃப்ளைட். அதுக்குள்ள பெட்டிய சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். இன்னொருத்தருக்கு இப்படி ஆவக் கூடாதுல்லா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகன் பிளக்கைச் செருகினார். கம்ப்ரஸர் ஒரு சின்ன நடுக்கத்தோடு ஓடத் தொடங்கியது. மூடியைத் தூக்கி உள்ளே கை வைத்துக் காத்திருந்தார். தகட்டைத் தொட்டார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி நல்லாத்தானே இருக்கு," என்றார்.

சொன்னேன். சங்கிலி, பூட்டு, நான் பார்த்தும் புரிந்துகொள்ளாத அந்த வயிறு, கண்டென்சர், பத்தே முக்கால் வரை நான் செய்யாத போன். முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"செம்பூர்ப் பெட்டிய வேண்டாம்னது நீதானா?"

"ஆமாண்ணே."

மீட்டரின் ஒயரைச் சுற்றினார். பையின் ஜிப்பை இழுத்தார், அது பாதியில் சிக்கியது, அப்படியே விட்டுவிட்டார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் மெல்ல மங்கியது. அண்ணாச்சிதான் பிறகு பக்கத்தில் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.