ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவன்

நடக்கவே போகாத ஒன்றை நடக்காமல் தடுப்பதற்காக மாதச் சம்பளம் வாங்கியவன் நான். இப்படியும் ஒரு தொழில் உண்டா என்று கேட்பவர்கள் 1999-இல் பேப்பர் படிக்காதவர்களாக இருக்க வேண்டும். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, அதற்காகவே பேச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

ஆறு மாத வேலை

அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் சென்டரை மூடிவிட்டு அதே இடத்தில் போட்டோ ஸ்டூடியோ திறந்தார்கள். ஸ்டூடியோவில் எனக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லாததால், தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் போய் நின்றேன். அங்கே மேனேஜர் கோதண்டராமன் என்னை உட்கார வைத்து, உலகம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று விளக்கினார். பழைய கம்ப்யூட்டர்களில் வருடத்தைக் கடைசி இரண்டு எண்களால் மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள். 99 முடிந்து 00 வந்ததும் அவை 1900 என்று நினைத்துக்கொள்ளும். விமானம் விழும், பேங்க் நிற்கும் என்றெல்லாம் பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. கோதண்டராமனுக்கு விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தரும் நாற்பத்திரண்டு சின்னப் பட்டறைகளும் ஜனவரி ஒன்றாம் தேதி நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

பம்பாய் தலைமை அலுவலகம் எட்டுப் பக்கத்தில் ஒரு பாரம் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு பட்டறையாகப் போய் அதை நிரப்பி, 'எங்களுக்குப் பாதிப்பு வராது' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஆறு மாத ஒப்பந்தம். நாற்பத்திரண்டையும் முடித்துவிட்டால் ஜனவரியில் நிரந்தரம் ஆக்கப் பார்ப்பதாகச் சொன்னார். மார்ச் மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார், எனவே 'பார்ப்பதாக' என்ற சொல்லை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஃபிளாரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"பாதிப்பு வந்தா உங்களுக்கு வேலை இருக்கும், வரலைன்னா இருக்காது, அப்படித்தானே? நான் எதுக்கு ஜெபம் பண்ணணும்னு மட்டும் சரியா சொல்லிடுங்க."

முன்கூட்டியே வந்த சரக்கு

ரப்பர் வாஷர் செய்யும் தேவசகாயத்தின் பட்டறையில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏ.சி. அறை இருந்தது. அவர் வெளியே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாரத்தைப் பிரிப்பதற்குள், தன் பிரச்சினையைத் தானே தீர்த்துவிட்டதாகச் சொன்னார். இருபத்தெட்டு வருடத்துக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்பி வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உடனே கம்ப்யூட்டரில் 1971 என்று மாற்றி வைத்துவிட்டார். ஜனவரியில் அது 1972-க்குப் போகும். இரண்டாயிரத்தைப் பார்ப்பதற்கு இன்னும் இருபத்தெட்டு வருடம் இருக்கிறது, அதற்குள் மகன் தலையெடுத்துவிடுவான், அவன் பார்த்துக்கொள்வான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய மூளைக்காரரிடம் கையெழுத்து வாங்கியதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் ஸ்டோர்ஸிலிருந்து சாந்தி போன் செய்தாள். சரக்கு வந்தால் சீட்டைப் பார்த்துத் தேதியைப் பதிவு செய்பவள் அவள். பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"வாஷர் வந்திருக்கு சார். ஆர்டர் குடுக்கறதுக்கு இருபத்தெட்டு வருஷம் முன்னாடியே சப்ளை பண்ணியிருக்காரு. இப்படி ஒரு பார்ட்டியை நான் பார்த்ததே இல்லை."

வெளிநாட்டுச் செய்தி

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பிங் எதிரில் ஒரு டீக்கடை. பாரத்தோடு சுற்றுகிறவன் என்பதால் அங்கே எனக்கு விஞ்ஞானி அந்தஸ்து இருந்தது. பேப்பரில் வந்த சந்தேகங்களுக்கு நான்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். லிஃப்ட் நடுவில் நிற்குமா என்று ஒருவர் கேட்பார். அவர் லிஃப்டில் ஏறியே பத்து வருடம் ஆகியிருக்கும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் நிற்குமா என்று இன்னொருவர் கேட்பார். அது ஏற்கெனவே நின்றிருக்கும்.

ஒருநாள் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். அமெரிக்காவில் மின்சாரம் சில மணி நேரம் தடைபடலாம் என்று பயந்து, ஜனங்கள் மெழுகுவர்த்தியும் தண்ணீரும் வாங்கி அடுக்குகிறார்களாம். அப்போது கடையில் கரண்ட் இல்லை. மத்தியானம் போனது, இன்னும் வரவில்லை. டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"பாவம் சார். பயக்கம் இல்ல போலக்கீது."

ஏகாம்பரத்தின் பூஜ்ஜியம்

டிசம்பர் தொடங்கும்போது நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. பாக்கி ஏகாம்பரம் மட்டும். அயனம்பாக்கத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பம், எஸ்டேட் வந்ததும் இவர் லேத்தில் இரும்பு கடையும் வேலைக்கு வந்துவிட்டார். மண்ணூர்பேட்டையில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு லேத், ஒரு துளை போடும் மிஷின், ஐந்து ஆட்கள். அவர் கடைந்து தரும் புஷ் என்ற இரும்பு வளையங்களில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நாலாவது கேள்வி, 'உங்களிடம் எத்தனை கம்ப்யூட்டர்?' ஏகாம்பரம் இல்லை என்றார், நான் பூஜ்ஜியம் போட்டேன். ஒரு வாரத்தில் பாரம் பம்பாயிலிருந்து திரும்பி வந்தது. விவரங்களை ஏற்றுகிற புரோகிராம் நாலாவது கேள்விக்குப் பூஜ்ஜியத்தை ஏற்காதாம். அதைத் தாண்டி ஐந்துக்குப் போகவும் விடாதாம். கோதண்டராமனிடம் போனேன். பாரம் முழுமையாக இல்லாத பட்டறைக்கு ஜனவரியில் ஆர்டர் கிடையாது என்றார். நாற்பத்திரண்டும் முடியவில்லை என்றால் என் விஷயத்தையும் பம்பாய்க்கு எழுத முடியாது என்றார். திரும்ப ஏகாம்பரத்திடம் வந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

"இல்லாத மிஷினு கெட்டுப்பூடாதுன்னு நான் எய்திக் குடுக்கணும், அவ்ளோதானே? தாராளமா குடுக்கறேன். அது கெட்டுப்போச்சுன்னா என்னைக் கேளு சார்."

சோதனை

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினேன். தயாரிப்பு, உள்ளூர். உபயோகம், வேலைகளைத் தேதிவாரியாகக் குறித்து வைப்பது. பாதிப்பு, இல்லை. பிள்ளைத்தாய்ச்சி மனைவி வீட்டில் இருக்கும்போது மனிதன் எதையெல்லாம் எழுதுவான் என்று அன்றுதான் தெரிந்தது. பம்பாயில் பாரம் ஏறிவிட்டது. பத்து நாளில் ராகவன் என்றொரு அதிகாரி வந்து இறங்கினார். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஐந்து பட்டறைகளை நேரில் சோதிக்கப் போவதாகச் சொல்லிப் பட்டியலை நீட்டினார். ஐந்தாவது பெயர் ஏகாம்பரம்.

மறுநாள் காலையிலேயே ஓடிப்போய், பாரத்தில் 'ஒன்று' என்று எழுதிவிட்டதை ஏகாம்பரத்திடம் சொல்லி, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருப்பதாகச் சொல்லும்படி கெஞ்சினேன். ரிப்பேர் என்று சொன்னால் பட்டறையின் பேர் கெட்டுவிடும், அது மட்டும் நடக்காது என்று சொல்லிவிட்டார். மத்தியானம் ராகவன் வந்து, கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டார். ஏகாம்பரம் கொஞ்சமும் யோசிக்காமல் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கரும்பலகை. யாருக்கு எத்தனை புஷ், எந்தத் தேதிக்குள் என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். என் வேலை அங்கேதான் எங்கோ இரும்புத்தூளில் கிடந்தது.

ராகவன் பலகையைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். அவரிடமும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருந்தன. மாலை ரயிலுக்கு டிக்கெட்டும் இருந்தது.

"தேதி போடறது உண்டா?" என்றார்.

"தேதி இல்லாம எப்டி சார்?"

"31-12-1999 போடுங்க. அடுத்த நாளுக்குப் போங்க."

ஏகாம்பரம் எழுதினார். வேஸ்ட் துணியால் துடைத்தார். 1-1-2000 என்று நாலு எண்ணையும் முழுசாக எழுதினார். ராகவன் ஒரு டிக் போட்டார். பிறகு பிப்ரவரி இருபத்தெட்டுக்குப் போகச் சொல்லி, அடுத்த நாளைக் கேட்டார். அந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது உண்டு, பெரிய கம்ப்யூட்டர்களே அதில் தடுமாறும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் அவசரப்படவில்லை. மரக்கடையில் கொடுத்த புது வருடக் காலண்டரைத் தேடி எடுத்து, புரட்டிப் பார்த்து, 29 என்று எழுதினார். அடுத்தது கேட்டதும் மார்ச் 1. இரண்டு டிக். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ராகவன் கேட்டார். கதவைத் திறந்து வைப்போம் என்றார் ஏகாம்பரம். அதற்கும் ஒரு டிக் விழுந்தது. பேனாவை மூடிக்கொண்டு ராகவன் என் பக்கம் திரும்பினார்.

"காலையிலேருந்து அஞ்சு எடம் பார்த்தாச்சு. முதல் தடவையே பாஸானது இது ஒண்ணுதான்."

சனிக்கிழமை

ஜனவரி ஒன்று சனிக்கிழமை. புது வருடத்து ஆராதனை முடிந்ததும் ஃபிளாரன்ஸை வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். எந்தப் பட்டறையில் எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். பக்கத்தில் நோட்டு, பேனா, நாற்பத்திரண்டு பெயர்கள். என் பொறுப்பில் இருக்கும் எதுவும் கெடக்கூடாது என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். ஒளிப்பானேன், ஏதாவது ஒன்று கெடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பெரிதாக வேண்டாம், ஒரு பிரிண்டர் போதும். நான் போய்ச் சரிசெய்து, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒன்று. அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைப்பதை நிறுத்தவில்லை.

பத்தரைக்கு டீ வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. டியூப்லைட்கூட மினுக்காமல் எரிந்தது. பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். தெருமுனைக் கடையிலிருந்து ஃபிளாரன்ஸ். ஏதாவது கெட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒண்ணுகூடவா என்றாள். ஒண்ணுகூட இல்லை.

"சரி, உடம்பை வருத்திக்காதீங்க. குழம்பு ஆறிடும், சீக்கிரம் வாங்க."

அறிக்கை

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். பட்டறைகள் நாற்பத்திரண்டு, பாரங்கள் நாற்பத்திரண்டு, பாதிப்பு இல்லை. இவ்வளவு சுத்தமான அறிக்கையை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. கோதண்டராமன் மூன்று முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை, என்னை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. எங்கேயும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இப்படி ஓர் ஆள் என்று பம்பாயில் கேட்கிறார்கள் என்றார். நான் போய்ப் பார்த்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்றேன். என் குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது. அவர் அறிக்கையை மடித்துக் கவரில் போட்டார்.

"நீங்க போகாம இருந்திருந்தா ஏதாவது ஆகியிருக்கும்னு எழுத்துல காட்டுங்க தம்பி. இன்னைக்கே அனுப்பறேன்."

பஸ் ஸ்டாப்பிங்

பையை எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டை ஸ்டாப்பிங்கில் நின்றேன். வேலை போனதை ஃபிளாரன்ஸிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படிச் சொன்னாலும் அது ஒரே வாக்கியமாகத்தான் இருந்தது. ஏகாம்பரம் சைக்கிளில் வந்து நின்றார். ஜனவரி ஆர்டர் வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்காக நானும் சந்தோஷப்பட்டேன், பாதியளவு. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். இத்தனை நாளும் என்னைச் சார் என்று கூப்பிட்ட மனிதர் அன்றுதான் முதல்முறையாகச் சாரை விட்டார்.

"தப்பு உன் மேலதான் நைனா. நாப்பத்திரண்டு எடத்துல ஒரு எடத்துலயாச்சும் ஒரே ஒரு போல்ட்டை லூசா உட்டுட்டு வந்திருக்கணும். அல்லாத்தையும் டைட்டு பண்ணிட்டு வந்தா, அப்பறம் உன்னை எவன் கூப்புடுவான்?"

அந்த மார்ச்சிலேயே ஒரகடத்தில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டேன். எந்த வீட்டிலும் எதையும் லூசாக விட்டு வந்தேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் வேலை இல்லாமல் உட்கார்ந்ததில்லை.