இசைவாணியின் ஜெர்மன்

ஈஸ்வரியின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாமல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. திருக்கடையூரில் மாலை கோக்கிறவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் ஊசியை நீட்டி, நூல் கோத்துக் கொடு என்று கேட்கவும் கூச்சம். அப்படி அவள் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கோடை லீவில், நீடாமங்கலத்திலிருந்து தம்பி மகள் இசைவாணி வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போனாள். அவள் போன மறுநாள் காலையில் மாலை கோக்க உட்கார்ந்த ஈஸ்வரி, பூக்கூடைக்குப் பின்னால் ஒரு வாழைத்தண்டுத் துண்டு இருப்பதைப் பார்த்தாள். அதில் இருபது ஊசிகள் குத்தியிருந்தன. இருபதிலும் நூல் கோத்து, நுனியில் முடிச்சும் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எப்போது வந்து போனாலும் இருபது ஊசி அதே இடத்தில் இருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசினது கிடையாது.

அந்த இசைவாணிதான் போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழையில் நனைந்த பையோடு வாசலில் வந்து நின்றாள். ஹைதராபாத்தில் கல்லூரியில் இருக்க வேண்டியவள். தீபாவளி லீவும் முடிந்துவிட்டது.

"என்னம்மா திடுதிப்புன்னு?"

"அத்தை, நான் இங்க வந்திருக்கிறதை அப்பாகிட்ட சொல்லாதீங்க."

ஈஸ்வரி அவளை உள்ளே இழுத்தாள். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். பெண்பிள்ளை தனியாக, அழுத முகத்தோடு வந்து நின்றால் ஒருத்தியின் மனசு எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம் போய்விட்டு வந்தது. அபிராமித் தாயே, அது மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு இசைவாணி சொன்னாள்: "எனக்குப் பேச வரல அத்தை. ஜெர்மன் பேச வரல. படிப்பை விட்டுடப் போறேன்."

அவ்வளவுதானா என்று ஈஸ்வரிக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகுதான் அது அவ்வளவுதான் இல்லை என்று உறைத்தது.

இந்தப் பிள்ளைக்கு ஜெர்மன் வந்த வழியே வேடிக்கையானது. தாத்தா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அப்பா பஞ்சநதம் அறுப்பு மிஷின் ஓட்டி, ஆறு மா நிலம் வாங்கினவன். அந்த வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷை எதற்கு? ஆனால் பதினொன்றாம் வகுப்பில் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனார்கள். மற்ற பிள்ளைகள் கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பாசி படிந்த எழுத்துகளைக் கோலம் வரைகிற மாதிரி நோட்டில் வரைந்துகொண்டு வந்தாள். அது ஜெர்மன் என்று தெரிந்துகொள்ள மூன்று நாள் ஆனது. என்ன எழுதியிருக்கிறது என்று புரிய மூன்று வாரம். புரிந்த அன்றைக்கே அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"கப்பல்ல வந்த பொம்பளை அத்தை. வந்த வருஷமே பிரசவத்துல செத்துட்டா. 'உன் அம்மாவுக்கு நான் என்னன்னு கடுதாசி எழுதுவேன்'னு புருஷன் கல்லுல வெட்டி வச்சிருக்கான். எரநூத்தம்பது வருஷமா அங்கேயே நிக்குது. நம்ம ஆளு ஒருத்தரும் படிச்சதில்ல."

அன்றைக்கு விளக்கு ஏற்றும்போது ஈஸ்வரி, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது முடித்து நுழைவுத் தேர்வும் எழுதி, ஹைதராபாத்தில் ஜெர்மனையே பாடமாக எடுத்துப் படிக்க இடம் வாங்கிவிட்டாள். மொழி மட்டும் இல்லை; அந்த ஊர்க் கதை, பாட்டு, சரித்திரம், பழக்கவழக்கம் எல்லாம் படிப்பாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஜெர்மனியில நர்ஸ் வேலைக்கா?" இல்லை என்றதும் அவர்கள் முகம் சுண்டிவிட்டது. பஞ்சநதம் மட்டும் நேராகவே கேட்டான்.

"சரி, படிச்சு முடிச்சா என்னவா வருவே?"

"ஜெர்மன் படிச்சவளா வருவேன்ப்பா."

"நல்லாருக்கு. நான் மிஷின் ஓட்டி முடிச்சா மிஷின் ஓட்டினவன். போ, போய்ப் படி."

அப்படிச் சிரித்து அனுப்பியவனிடம்தான் இப்போது ஒளிக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். வகுப்பில் பாதிப் பேர் பெரிய நகரத்துப் பள்ளிக்கூடங்களிலேயே ஜெர்மன் படித்துவிட்டு வந்தவர்கள். இவள் எழுதினால் வாத்தியாரே படித்துக்காட்டுவார். வாய் திறந்தால் பின்பெஞ்சில் சிரிப்பு. ஒரு நாள் சிரித்தார்கள், இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் இவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் பத்து நிமிஷம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூட வராமல் எழுந்து வந்துவிட்டாள். தேர்வு வைத்த அம்மாள் நல்ல மாதிரி. வருகிற வியாழக்கிழமை இன்னொரு தடவை வா, அன்றைக்கும் வராவிட்டால் வருஷம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். இவள் வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல் ரயில் ஏறிவிட்டாள்.

"வாயைத் தொறக்குறேன் அத்தை. சத்தமே வரமாட்டேங்குது. மன்னார்குடியில பி.காம். சேர்ந்துக்கிறேன்."

ஐந்தாம் வகுப்போடு நின்ற ஈஸ்வரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சநதம் போனில் கூப்பிட்டான். "அக்கா, இசை உனக்குப் பேசுனாளா? எனக்கு எடுக்கவே மாட்டேங்குறா."

எதிரிலேயே பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கண்ணால் கெஞ்சினாள்.

"நேத்துப் பேசுனாடா தம்பி. நல்லாத்தான் இருக்கா. பரீட்சையாம்."

"அப்படியா? ஒன் வாயால சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

ஈஸ்வரி போனை வைத்தாள். தம்பியிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் கோயிலுக்குப் போனாள். சன்னிதிக்கு நேரே நிற்க மனசு வராமல் தூண் ஓரமாக நின்றே கும்பிட்டு வந்தாள். ராத்திரி இசைவாணி தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் தூங்கவில்லையே.

திங்கட்கிழமை, சன்னிதித் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம். யாரோ வெளிநாட்டுக்காரத் தம்பதி என்று, அதை ஏற்பாடு செய்கிற பகலவன் சொல்லியிருந்தான். நாலு பெரிய மாலை. கணவர் போன பிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் ஈஸ்வரி மணமேடைப் பக்கம் போனதில்லை. பக்கவாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டில் தனியாக விட்டுவரப் பயந்து இசைவாணியையும் கூட்டிப்போயிருந்தாள். அதனால் அன்றைக்கு மாலைகளை இசைவாணியே உள்ளே எடுத்துப்போனாள்.

மேடையில் ஒரு வெள்ளைக்காரர் பட்டு வேட்டிக்கு மேல் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் அரக்குப் புடவையில் ஒரு அம்மாள். இரண்டு பேருக்கும் நரைத்த தலை, ஒரே மாதிரி நீள மூக்கு. அவர்களோடு வர வேண்டிய கைடு சிதம்பரத்தில் காய்ச்சலாகப் படுத்துவிட்டான். இங்கிலீஷும் அவர்களுக்கு அரைகுறைதான். பகலவன் கையைக் காட்டியே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தான். ஒன்பதரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு தயாராக இருந்தது.

உள்ளே போன இசைவாணி போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள். மாலைகள் கையிலேயே இருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, அவங்க ஜெர்மன்காரங்க."

"அதுக்கு ஏம்மா இப்படி ஓடியாரே?"

"அந்தம்மா சொல்லுது, 'நான் ஒனக்குப் பத்து நிமிஷம் மூத்தவ, அதனால மாலை எனக்குத்தான் முதல்ல'ன்னு. அவரு சொல்றாரு, 'அறுபது வருஷமா இதையே சொல்றே, அம்மா இருந்திருந்தா சிரிப்பாங்க'ன்னு. அத்தை, அவங்க புருஷன் பொண்டாட்டி இல்ல. கூடப்பொறந்தவங்க. ரெட்டைப் பிள்ளைங்க!"

ஈஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெய்வமே! ஓடு, பகலவன்கிட்டச் சொல்லு!"

பகலவன் நம்பவில்லை. "சும்மா இரு பாப்பா. பாஸ்போர்ட்ல ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரு. டிராவல்ஸ்காரன் தம்பதின்னுதான் எழுதி அனுப்பியிருக்கான். நேரம் போவுது."

குருக்கள் மட்டும் மணியைக் கீழே வைத்தார். "இருப்பா. இந்த விஷயத்துல சந்தேகத்தோட கை வைக்கப்படாது. ஏம்மா, உனக்கு அவா பாஷை தெரியுமா? கேட்டுச் சொல்லு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

இசைவாணி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த முப்பது நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். அந்த அம்மாள் குனிந்து, என்ன என்பது போலச் சிரித்தாள். பிள்ளை வாயைத் திறந்தாள். ஈஸ்வரி பக்கவாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. வாயை மூடித் திரும்பவும் திறந்தாள். வரவில்லை. மேளக்காரர் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையின் பிடி இறுகி, சம்பங்கிப் பூக்கள் தரையில் உதிர்ந்தன.

ஈஸ்வரி யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

"அக்கா, நீங்க எதுக்கு இங்க..." என்று பகலவன் இழுத்தான்.

அவள் இசைவாணியிடம் போய்க் கையை நீட்டினாள்.

"மாலையை எங்கிட்டக் குடு. கை வலிக்கும். நீ நிதானமாப் பேசு."

நாலு மாலையும் அத்தையின் தோளுக்கு வந்தன. கை சும்மா ஆனதும் இசைவாணிக்கு அந்தக் கைதான் முதலில் பேசியது. அவரைக் காட்டினாள், அந்த அம்மாளைக் காட்டினாள், தாம்பாளத்தில் இருந்த கயிற்றைக் காட்டினாள். பிறகு கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு வார்த்தை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நடுவில் நின்றது. அந்த அம்மாள் தலையை ஆட்டிக் காத்திருந்தாள். திரும்பவும் வந்தது. பிறகு நிற்கவில்லை.

ஈஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகம் மாறுவதைப் பார்த்தாள். முதலில் புருவம் ஏறியது. பிறகு கண் விரிந்தது. பிறகு தாம்பாளத்தையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்து, "ஓ! ஓ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு, பட்டுப்புடவையோடு மேடையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் சிவந்துபோய், நெற்றியில் கட்டியிருந்த மாப்பிள்ளைப் பட்டத்தைக் கழற்றிப் பகலவன் கையில் கொடுத்துவிட்டார்.

"அந்தக் கயிறு ஆயுசுக்குக் கட்டுற காப்புன்னு நெனச்சாங்களாம் அய்யரே," என்றாள் இசைவாணி. "ரெண்டு பேருக்கும் அறுபது வயசு முடியுது, சாமி கும்பிட்டா ஆயுசு கூடும்னு கேள்விப்பட்டு வந்திருக்காங்க. அவ்வளவுதான்."

"அப்ப ஆயுஷ் ஹோமமாப் பண்ணிடலாம், தனித்தனியா," என்றார் குருக்கள். "நல்ல வேளை, அம்பாள்தான் உன்னை அனுப்பியிருக்கா." பிறகு பகலவனைப் பார்த்து, "இனிமே மூக்கையும் பாத்துட்டுக் கல்யாணம் பேசுடா" என்றார். மண்டபமே சிரித்தது.

ஹோமம் முடிகிறவரை ஒவ்வொன்றையும் இசைவாணிதான் அவர்களுக்குச் சொன்னாள். இலையில் உட்கார்ந்தபோதும் அந்த அம்மாள் அவளைப் பக்கத்தை விட்டு விடவில்லை. தரங்கம்பாடிக் கல்லைப் பற்றி இவள் சொல்ல, தம்பிக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஈஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா? நல்லாத்தானே பேசினே?"

"பதினேழு தப்பு அத்தை. ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு."

"அவங்க சிரிச்சாங்களே, ஒன் தப்பைப் பாத்தா சிரிச்சாங்க?"

"இல்ல. விஷயத்துக்குத்தான் சிரிச்சாங்க."

"அப்புறம் என்ன? நானுந்தான் கண்ணு தெரியாம எத்தனையோ மாலையில பூ மாத்திக் கோத்திருக்கேன். சாமி கழுத்துலயே கெடந்துச்சு."

கண் தெரியாது என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். இசைவாணி எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு, "ஹைதராபாத்துக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு அத்தை கிளம்பணும்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மயிலாடுதுறை ஜங்ஷனில் சென்னை ரயில் ஏற்றிவிடப் போனாள் ஈஸ்வரி. வழியெல்லாம் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. பிள்ளையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜபம் சொல்கிற மாதிரி. வியாழக்கிழமை என்ன ஆகுமோ, அந்த மேஜைக்கு முன்னால் மாலையை வாங்கிக்கொள்ள யார் இருப்பார்கள் என்று ஈஸ்வரிக்கு மனசு அடித்துக்கொண்டது. திருநீற்றுப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து மூடினாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

ரயில் நகர்ந்தபோது இசைவாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன் அத்தை, எனக்காக இனிமே நீங்க பொய் சொல்ல வேணாம். பயம் போகல. ஆனா சத்தம் வருது."