ஆடுகள் போட்ட எல்லை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்வயலுக்கு நடுவே வளர்ந்தவன், படித்ததும் விவசாயம். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மிதப்பில் திரிந்த வயது.

வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் உள்ளே நடந்தால் ஒரு சின்ன ஊர். அங்கே அறுபது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. அதன் மேற்கு ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ பச்சை பூத்த கல்லைத் தோண்டியிருக்கிறார்கள். செம்புக் கல். லாபம் வரவில்லையோ என்னவோ, பெரிய குழியையும் அதன் பக்கத்தில் வீட்டு உயரத்துக்கு ஒரு கழிவு மேட்டையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாடும் வெள்ளாடும் அங்கே மேய்ந்து நன்றாகத்தான் இருந்தன. செம்மறிகள் மட்டும் கண் மஞ்சளித்து, காப்பி நிறத்தில் மூத்திரம் போய், திடீர் திடீரென்று செத்து விழுந்தன. செம்மறிக்குச் செம்பு ஆகாது என்று கால்நடை டாக்டர் எழுதிவிட்டார். நிலம் மேய்ச்சலுக்கு ஏற்றதுதானா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். ஏற்றதில்லை என்று நான் எழுதினால் வேலி போட்டு அடைத்துவிடுவார்கள். சுற்றிலும் உப்பளமும் உடைமுள்ளும்தான். அந்த ஊர் ஆடுகளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

நான் படித்தபடி செய்தேன். வயலுக்கு உரம் சொல்வதற்காக மண் எடுப்போமே, அதே முறை. குறுக்கும் நெடுக்குமாக நடந்து நாற்பது இடத்தில் மண் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்துக் கழித்துக் கடைசியில் அரைக் கிலோ. சோதித்துப் பார்த்தால் செம்பு எக்கச்சக்கம். ‘மேய்ச்சலுக்கு லாயக்கில்லை’ என்று அறிக்கை எழுதி முடித்தேன். மேலதிகாரியிடம் கொடுக்கும் முன் சர்வே எண்களைச் சரிபார்க்க இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது. நல்ல காலம், போனேன்.

காலை நேரம். செம்மறி வைத்திருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். என் வயதுதான் இருக்கும். சொன்னதும் முகம் வெளிறிவிட்டது.

“அறுபது ஏக்கருமா சார்? எப்படிப் பாத்திய?”

சாக்கில் போட்டுக் கலந்ததைப் பெருமையாகவே விளக்கினேன்.

“நல்லாருக்கு சார் ஞாயம்! பத்து வீட்டுப் பாலை ஒரே பானையில ஊத்துவிய, அது திரிஞ்சு போச்சுன்னா பத்து வீட்டு மாட்டையும் வெரட்டுவியளோ?”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அப்படியானால் எது நல்ல மண், எது கெட்ட மண் என்று நீயே காட்டு பார்க்கலாம் என்றேன்.

“நான் என்னத்தக் காட்ட? ஆடு காட்டும். செத்ததெல்லாம் சந்தையில வாங்கியாந்த ஆடு சார். இங்கன பொறந்து வளந்தது ஒண்ணு கூடச் சாவல. அதுகள மட்டும் பத்திட்டு வாரேன், இங்கனயே நில்லுங்க.”

பட்டியிலிருந்து அப்போதுதான் திறந்துவிட்ட ஆடுகள், ஐம்பது அறுபது இருக்கும். நல்ல பசி. கிழக்கேயிருந்து தலை குனிந்து, புல்லை மேய்ந்துகொண்டே வந்தன. ஓர் இடத்துக்கு வந்ததும் முன்னால் வந்தவை நின்றுவிட்டன. அங்கே வேலி இல்லை, கல் இல்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பச்சைதான். ஆனால் மந்தை இரண்டாகப் பிரிந்து, ஆற்று நீர் திட்டைச் சுற்றிப் போவதுபோல் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஓர் ஆடுகூட வாய் வைக்கவில்லை. யாரும் அதட்டவில்லை, கம்பை ஓங்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட நான் அப்படி நின்றதில்லை.

பின்னாலேயே ஓடி ஓடி அவை ஒதுங்கிய விளிம்பில் குச்சி நட்டேன். முடித்துப் பார்த்தால், கழிவு மேட்டில் தொடங்கிக் கிழக்கே நீண்டு குறுகிப்போகும் ஒரு நாக்கு.

“ஆடி மேல்காத்துல அந்த மேட்டுத் தூசி இங்கனதான் சார் வந்து விழும்” என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

இந்த முறை எதையும் கலக்கவில்லை. குச்சிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று தனித்தனிப் பையில் மண் எடுத்தேன். அமிலத்தில் கரைத்து வடிகட்டி, அம்மோனியா விட்டால் செம்பு நீலமாகத் தெரியும். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களை வைத்து ஊற்றிக்கொண்டே போனேன். உள்ளே எடுத்ததெல்லாம் நீலம். வெளியே எடுத்ததில் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. இத்தனைக்கும் இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம்தான். அறுபது ஏக்கரில் கெட்டது ஏழு ஏக்கர். பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். கெட்ட இடத்து மேல்மண்ணை மட்டும் எடுத்தால் போதும் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

கோடையில் ஊரே சேர்ந்து அந்த ஏழு ஏக்கரில் ஒரு சாண் மேல்மண்ணைச் செதுக்கியது. தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, வாயில் துணி கட்டிக்கொண்டு, மேட்டையும் மண்ணையும் பழைய குழிக்குள்ளேயே தள்ளி, மேலே கண்மாய்க் களிமண்ணைப் போட்டு இறுக்கி மூடினார்கள். மழை உள்ளே இறங்காமல் சுற்றிலும் வரப்பு. ஐப்பசி மழைக்குப் புல் முளைத்தது. மறுபடி சோதித்தேன், நீலம் இல்லை. முத்திரை குத்திய தாளை எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன்.

“மேய விடுங்க, இனிமே பயமில்லை” என்றேன். இப்போது எனக்கு ‘நீ’ என்று சொல்ல வாய் வரவில்லை.

“தாளு இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்தினார்.

குச்சிகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. இருந்தும் ஆடுகள் அதே விளிம்பில் வந்து நின்றன. சோதனையில் எங்கே பிசகினேன் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு கிழட்டுப் பெண்ணாடு ஒரு காலை உள்ளே வைத்தது. மோந்தது. இன்னொரு காலையும் வைத்தது. தலை குனிந்து ஒரு வாய் புல்லைப் பிடுங்கியது. பிறகு மந்தை மொத்தமும் அதன் பின்னால் நுழைந்தது. அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பணி ஓய்வு பெறும்வரை எத்தனையோ நிலங்களுக்கு நல்லது, கெட்டது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தந்த நிலத்தில் தினமும் கால் பதிப்பவர்களைக் கேட்காமல் போட வேண்டி வந்தபோதெல்லாம், வெளிறிப்போன அந்த முகம் கண்முன் வந்து என் பேனாவைத் தடுத்திருக்கிறது.