நின்றால் சினையில்லை

வயிற்றில் பூசிய பசை சில்லென்றிருந்தது. "அசையாம இரும்மா," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அந்தச் சொல் என்னைத் தாமலில் இருந்த எங்கள் பன்றிக்கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டது.

ஆண் பன்றியோடு சேர்த்த மூன்றாம் வாரம், அம்மா பெண் பன்றியின் இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி அழுத்துவாள். விலகி ஓடினால் சினை. கல்லாட்டம் நின்றால் சினையில்லை, மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். கருப்பி போன தடவை நின்றுவிட்டது. இந்தத் தடவையும் நின்றால் கறிக்குத்தான் என்று நைனா சொல்லிவிட்டார். வாலாஜாபாத் கறிக்கடைக்காரர் கயிற்றோடு வேலியருகே காத்திருந்தார்.

அம்மா அழுத்தினாள். புளித்த கழனித்தண்ணீர் நாற்றத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கருப்பி காதை விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"இன்னா, நிக்குதா?" என்றார் நைனா.

புடவை மறைவில் அம்மாவின் விரல்கள் அதன் தொடையைக் கிள்ளியது எனக்கு மட்டும் தெரிந்தது. வீலென்று கத்திக்கொண்டு கருப்பி பாய்ந்தோடியது.

"எங்க நிக்குது? ஓடிக்கினு இருக்குது பாரு. செனைதான்யா, அந்தாளப் போவச் சொல்லு."

கறிக்கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்கேன் எடுக்கும் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை இதே கட்டிலில்தான் என் வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். கதவோரம் நின்ற மாமியார் பொறுமையிழந்து, "இன்னாம்மா, எதனா தெரியுதா?" என்றார்.

அந்தப் பெண் கருவியை வயிற்றின் மறுபக்கம் நகர்த்தினாள். என் கால்மாட்டில் நின்றிருந்த அம்மாவின் விரல்கள் போர்வைக்குள் நுழைந்து என் கெண்டைக்காலைத் தேடின.