இரும்பு அடித்த ஹனீபா காக்கா

திருகோணமலை ஜெட்டியில் டாலி கிளாக்கராகச் சேர்ந்த முதல் நாளே ஹனீபா காக்கா எனக்கு எதிரியாகிவிட்டார். பார்ஜ் எனும் சரக்குப் படகிலிருந்து கிரேன் தூக்கித் தரும் அரிசி மூடைகளை எண்ணிப் புள்ளி போடுவது என் வேலை. மூடைகளைச் சுமந்து, கிரேனில் தொங்கும் கயிற்றுச் சிலிங் ஆடி வரும்போது கீழே நிற்பவர்களை எச்சரிப்பது அவர் வேலை. கிண்ணியா ஊர்க்காரர், எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன்; ஐம்பதைத் தாண்டியவர், ஒரு கால் சற்று இழுக்கும். சிலிங் வரும்போதெல்லாம் ஒரு தண்டவாளத் துண்டில் கம்பியால் ஓங்கி அடிப்பார். பல்லுக்குள் ஆணி இறங்குவதுபோல் இருக்கும் எனக்கு.

இது ஓட்டிசம், அதனால்தான் சத்தமும் தொடுகையும் இப்படி நோகிறது என்று ஒரு டொக்டர் எனக்குச் சொன்னது ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு. வேலைக்குச் சேர்ந்த 1960களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காது பொல்லாதது என்பதுதான். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, ஒருவருக்கும் தெரியாமல் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போவேன்.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்த கிரேனில் வாயால்தான் கத்தினார்கள். வேறு கிளாக்கர் நின்றால் ஹனீபா காக்காவும் கத்துவதோடு சரி. நான் நின்றால் மட்டும் கம்பியை எடுப்பார். தேதி, நேரம், எத்தனை அடி என்று கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அவர் பக்கத்து ஆளோடு சிரித்தால் அதையும் எழுதினேன். பத்தொன்பதாம் நாள் கொப்பியை மேலதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"இந்தாள் வேணுமெண்டு செய்யிறார், சேர். எனக்கு மட்டும்தான் அடிக்கிறார்."

அவர் கொப்பியைப் புரட்டினார். "ஓம், விபரமா எழுதியிருக்கிறீர். திங்கக்கிழமையிலிருந்து அவரை மூடை தூக்கப் போடுறன். அதுவரைக்கும் கம்பியைத் தொட வேண்டாமெண்டு சொல்லுறன்."

மறுநாள் கம்பிச் சத்தம் இல்லை. என்ன சுகம்! குனிந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று யாரோ என் சேர்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். விழுந்தேன். நான் நின்ற இடத்தைச் சிலிங் வீசிக்கொண்டு கடந்தது. பிறர் கை பட்டாலும் எனக்கு எரியும். "கையை எடுங்கோ!" என்றுதான் கத்தினேன்.

ஹனீபா காக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மூணு தரம் கூப்பிட்டன் தம்பி. காதில பஞ்சு வெச்சிரிக்கீங்க, முதல் நாளே கண்டுட்டன். வாயால கூப்பிட்டாக் கேக்காது. இரும்படிச்சாத்தான் திரும்புவீங்க. அதுக்குத்தான் உங்களுக்கு மட்டும் அடிச்சனான். இப்ப அதையும் வேணாமெண்டிட்டாங்க."

எனக்கு மட்டும் அடித்தார் என்று எழுதியது சரிதான். எதற்கு என்பதை நானாகவே முடிவுகட்டியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் காலோடு மூடை தூக்கினால் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

மேலதிகாரியிடம் ஓடி, அவரை மாற்ற வேண்டாம் என்றேன். "ஓடர் போட்டாச்சு. காரணமில்லாம மாத்த ஏலாது" என்றார்.

காரணம் சொன்னால் பஞ்சையும் சொல்ல வேண்டும். கிரேனுக்குக் கீழே காதை அடைத்து நிற்பவனை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்? வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்து மேசையில் வைத்து, இரும்புச் சத்தம் நோவதையும் நடந்ததையும் சொன்னேன்.

"உமக்கு விசரோ ஐசே? செத்திருப்பீரே!" என்று ஏசினார். ஹனீபா காக்கா பழைய இடத்திலேயே நிற்கலாம் என்றார். என்னை ஒரு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்.

திரும்பிப் போன அன்று ஹனீபா காக்கா ஒரு மரக்கட்டையும் சிவப்புத் துணியும் வைத்துக்கொண்டு நின்றார்.

"கட்டையைத் தட்டவா, துணியை ஆட்டவா? எது தம்பி உங்களுக்கு நோவாது?"

என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. நானும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. துணியைக் காட்டினேன். அவர் முகம் தெரியும் இடமாகப் பார்த்து நின்று, பஞ்சில்லாமல் எண்ணத் தொடங்கினேன்.

இப்போதும் இரைச்சல் கேட்டால், எனக்கென்றே செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நோவு பொய்யில்லை, அதை மறைக்காதீர்கள். ஆனால் குற்றம் எழுதுமுன் போய் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்காமல் பத்தொன்பது நாள் இருந்தேன். அந்த மனுசர் ஒரு நொடி பிந்தியிருந்தால் இதை எழுத நான் இல்லை.