இடப்பக்கம் விழுந்த பூ

ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்பியது நீங்கள். பழியைச் சாமி தலையில் போட்டீர்கள்.

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழிலும் ஆன்மிகமும் என்று பேசினீர்கள். என் வீட்டுக்காரர் ஆபீசில் யாரோ பாஸ் கொடுத்தார்கள் என்று நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "தெய்வத்தைக் கேட்காமல் நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை" என்றீர்கள். கை தட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படியிறங்கும்போது என்னை அடையாளம் கண்டு, "சென்னாகித்தீரா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுக் காரில் ஏறினீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இல்லாதவளைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் உங்கள் ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்டிய ஹால். பத்தி உருட்டுகிற வேலை எல்லாம் வெளியே வீடுகளில் நடக்கும். எங்களிடம் வருவது வாசனை ஏற்றிய பத்தி. எண்ணி உறையில் போட்டு, மெழுகுவர்த்தி நெருப்பில் உறையின் வாயை ஒட்டி, டப்பாவில் அடுக்க வேண்டும். விரல் நுனி எல்லாம் காய்த்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தட்டில் போட்ட சோற்றில் சந்தன வாசனை அடிக்கும்.

எனக்குப் பக்கத்து ஸ்டூல் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. மலைப் பக்கத்துத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரி. மானாவாரிக் காட்டில் மழை ஏமாற்றிய வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள். புருஷன் ஊரிலேயே இருந்துவிட்டான். மகள் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். வாடகை ஒற்றை அறை, அக்காவின் சம்பளம், அவ்வளவுதான் அவர்கள் குடும்பம். எங்கள் ஹாலிலேயே வேகமான கை அவளுடையதுதான், வாயும்தான்.

காலையில் வேலை தொடங்கும் முன்னால் பஜனை உண்டு. பிறகு கண்ணை மூடி தியானம். அதற்குப் பிறகு உங்கள் பேச்சு. கன்னடத்தில் பேசுவீர்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தண்ணி பட்ட பாடு. அக்காவுக்குப் பாதிதான் புரியும்.

"என்ன அம்மிணி சொல்றாரு?"

"இது கம்பெனி இல்லையாம்க்கா, கோயிலாம். நாம வேலைக்காரங்க இல்லையாம், சேவை செய்யறவங்களாம்."

"கோயில்னா மத்தியானத்துக்குப் பொங்கல் குடுப்பாங்களா, கேட்டுச் சொல்லு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தீர்கள்.

பூஜை அறையில் சாமுண்டி அம்மன் விக்கிரகம் இருந்தது. பெரிய விஷயம் எதுவானாலும் அங்கே பூ வைத்துக் கேட்பீர்கள். இந்தப் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப்பூவை ஒட்டி வைத்து, மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது பூ விழுந்தால் ஆகட்டும் என்று அர்த்தம். இடது பூ விழுந்தால் வேண்டாம். இதை நான் கேலி செய்யவில்லை. என் கல்யாணத்துக்கே அப்பா பூ கேட்டுத்தான் சம்மதம் சொன்னார். அக்காவும் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்னால் கேட்டாள். எனக்குச் சாமியோடு எந்தச் சண்டையும் இல்லை.

ஒரு நாள் லாரியில் பேக்கிங் மெஷின் வந்து இறங்கியது. உறையை அதுவே ஒட்டும். மெஷினுக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினீர்கள். எங்களுக்கு இனிப்பும் கொடுத்தீர்கள். ஒருத்தரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று மறுநாளே மேனேஜர் எங்கள் காதில் போட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு ஒருத்தி போவோணும்? ஆளுக்கொரு நாள் வேலைய விட்டுக் குடுப்போம். மாசத்துக்கு ஒரு நாளு, ரெண்டு நாளு. சம்பளம் கொஞ்சம் கொறையும். அடுப்பு யாருக்கும் அணையாது."

"எல்லாரும் ஒத்துக்கணுமேக்கா."

"ஏன், நீ ஒத்துக்க மாட்டியா? புருசன் ரெண்டு சம்பளம் வாங்கறானோ?"

"ஒரு சம்பளமே ஒழுங்கா வீட்டுக்கு வர்றதில்ல."

"அப்ப கைய நீட்டு."

கையை நீட்டினோம். எல்லாரும். அந்த ஹாலில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னாலும் இல்லை, பிறகும் இல்லை. மேனேஜரிடம் நானே கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். யஜமானரிடம் சொல்கிறேன் என்றார். சொன்னார் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் பஜனை முடிந்ததும் நீங்களே அதை எடுத்தீர்கள். "உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது" என்றீர்கள். "ஆனால் இந்தப் பாவத்தை நானும் சுமக்க முடியாது, நீங்களும் சுமக்கக்கூடாது. அம்மனிடம் விட்டுவிடுவோம். யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்று அவளே சொல்லட்டும்."

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். வெளியூர் ஆள் யாராவது அங்கே இருந்திருந்தால், இது என்ன நியாயம் என்று கேட்டிருப்பான். நாங்கள் கேட்கவில்லை. அம்மனிடம் விட்டாயிற்று என்றதும் எங்களுக்கு மூச்சு வந்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முந்தின நாள் நீட்டின கையை எல்லாரும் மறந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை. செவந்திப் பூ. அர்ச்சகர் ஒருவரை அழைத்து வந்திருந்தீர்கள். எந்த வரிசையில் கூப்பிடுவது என்று மேனேஜர் உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் விரலால் காட்டினீர்கள். முதலில் இரண்டு பேர். இருவருக்கும் வலது பூ விழுந்தது. மூன்றாவது அக்கா.

நேரமாயிற்று. இரண்டு பூவும் ஒட்டிக்கொண்டே நின்றன. ஹாலில் மின்விசிறி நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்தது. பிறகு இடது பூ மெதுவாக வழுக்கிப் பீடத்தில் விழுந்தது.

அக்கா அழவில்லை. "சாமி சொன்னாச் சரிங்க" என்றாள். விழுந்தால் அது பிரசாதம்தானே. குனிந்து அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். ஒரு புடவையும் தேங்காயும் கொடுத்தீர்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பூ வைக்கவே இல்லை.

அன்று சாயந்திரம் அவள் அறை வரைக்கும் கூடப் போனேன். தெருமுனை அம்மன் கோயிலில் எப்போதும் நின்று ஒரு கும்பிடு போடுவாள். அன்றைக்கு நிற்காமல் நடந்தாள்.

"என்னக்கா, கும்பிடலியா?"

"என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு கும்பிடறது? அவளுக்கே நான் வேண்டாம்னு ஆயிருச்சு."

"பூ வழுக்கி விழுந்துச்சு, அவ்வளவுதானே. வேற வேலை பாக்கலாம்க்கா. ஊரெல்லாம் பத்தி கம்பெனிதான்."

"வேல கெடைக்கும் அம்மிணி. மொதலாளி போகச் சொல்லியிருந்தா மண்ண வாரித் தூத்திட்டு வேற எடம் போயிருப்பேன். சாமி போகச் சொன்னதுக்கு யாருகிட்டப் போயி சண்ட போடறது? நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவதான் சொல்லோணும்."

அதற்குப் பதில் என்னிடம் இன்றைக்கு இருக்கிறது. ரொம்பத் தாமதம்.

வேறு கம்பெனியில் அவள் வேலை கேட்கவே இல்லை. மகள் பரீட்சை முடிந்த கையோடு மார்டள்ளிக்கே போய்விட்டார்கள். நான் ஒரு தடவை பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். யாருடைய காட்டிலோ கூலிக்குச் சோளம் ஒடித்துக்கொண்டிருந்தாள். அதே கேலி, அதே வாய். வீட்டில் மட்டும் சாமி படம் வைக்கிற மாடம் காலியாக இருந்தது. விளக்கு மகள்தான் ஏற்றுகிறாளாம், வாசல் பக்கமாக. புறப்படும்போது அவளே சொன்னாள்: "கேட்டதுக்கு அவ பதில் சொல்லிட்டா. இனி எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில், குண்டும் குழியுமான ரோட்டில் தலை முட்டிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மனிடம் கேள்வியை வைத்தது யார்? யாரை அனுப்பலாம் என்று கேட்டீர்கள். யாரையாவது அனுப்ப வேண்டுமா என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு நாள் விட்டுக்கொடுக்கலாமா என்று அக்கா சொன்னதை அம்மனிடம் கேட்டு ஒரு பூ வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மெஷின் வாங்கலாமா என்று கேட்டு வைத்தீர்களா? அது லாரியில் வந்து இறங்கிய பிறகு குங்குமம்தான் வைத்தீர்கள். அந்த வருஷமே வந்த காருக்கு? மேல்மாடிக்கு? உங்கள் பையனை மேனேஜருக்கும் மேலே உட்கார வைத்ததற்கு? நான் அங்கேயேதான் வேலை பார்த்தேன். பூஜை அறையைப் பெருக்குகிற முறை எனக்கும் வரும். அந்த நாட்களில் விக்கிரகத்தின் தோளில் ஒரு பூவும் இல்லை.

உங்களுக்கு லாபம் வருகிற முடிவை நீங்களே எடுத்தீர்கள். எங்களுக்கு வலிக்கிற முடிவை மட்டும் அம்மனை எடுக்க வைத்தீர்கள்.

எனக்குக் கோபப்படவும் அலுப்பாக இருக்கிறது. கம்பெனி நடத்துகிறவன் ஆளைக் குறைப்பான், இதெல்லாம் உலகத்தில் நடக்கிறதுதான். நேருக்கு நேர் சொல்லியிருந்தால் அக்கா உங்களைத் திட்டியிருப்பாள், நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன், ஒரு வாரத்தில் மறந்திருப்போம். அவளுக்கு வேலை போனது. போகட்டும். அவளிடம் மிச்சம் இருந்த ஒரே துணையான அம்மனையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்த அம்மனை வைத்துத்தான் இப்போது மேடையில் பேசுகிறீர்கள்.

அடுத்த பேச்சு தசராவுக்கு முன்னால் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான் வருவேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவள் வர மாட்டேன் என்றாலும். மைக் எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கை தட்டுகிற அத்தனை பேர் முன்னாலும், அக்காவுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்: அன்றைக்கு அவளை வேண்டாம் என்றது அம்மனா, நீங்களா?