அம்மியில் அரைத்த பச்சை

நெருப்புப்பெட்டிக்குள் பொன்வண்டு பிறாண்டுவதைக் காதோடு வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? "கிறிச், கிறிச்" என்று ஒரு கணம் ஓயாது. அதைக் கேட்டால் எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது. நாவற்குடாவில் எங்கள் வளவின் வேலியோரம் நின்ற வாகை மரத்தில் அந்த வண்டைப் பிடித்து என் கையில் தந்தவர் அம்மா. தந்த மறுகிழமையே வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போய்விட்டார்.

"வண்டு முட்டை போடுறத்துக்குள்ள வந்திருவன் மனே" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினார். எங்கள் ஊரில் மகளையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயதில் அதை நம்பாமல் வேறென்ன செய்வேன்! நாளுக்குப் பத்துத் தடவை பெட்டியைத் திறந்து பார்த்தேன். வண்டு சொன்னபடி மஞ்சள் மஞ்சளாக முட்டையிட்டது, அம்மாதான் வரவில்லை. பிறகு வண்டும் காலை மடக்கிக்கொண்டு செத்துப்போனது. ஆனால் அதன் முதுகை மூடியிருந்த இரண்டு கெட்டிச் சிறகுகளும் அப்படியே மின்னின. நேரே பார்த்தால் பச்சை. "ஒள்ளுப்பம் கிறுக்கிப் பாரு" என்று அம்மா காட்டித் தந்தபடி கொஞ்சம் சரித்தால் செம்பு.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் சிரித்துக்கொண்டே, "அங்க போனவளுக்கு இஞ்சத்த நினைப்பு எங்க வரப்போகுது?" என்றார். பகிடிதான், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா எங்களை மறந்துவிடுவதற்குள் அந்தப் பச்சையை அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று துடித்தேன். அப்பாவோ, "கடுதாசிக்குள்ள பூச்சியை வெச்சா தபாலில எடுக்கமாட்டாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சிறகைத்தானே அனுப்பக்கூடாது? நிறத்தைக் கடுதாசியில் பூசி அனுப்பலாமே! மருதோண்டி இலையை அரைத்தால் கை சிவக்கிறது, மஞ்சளை அரைத்தால் மஞ்சள் வருகிறது, பொன்வண்டை அரைத்தால் பொன்பச்சை வராமலா போகும்! அப்பா வட்டைக்கு வயல் பார்க்கப் போன காலையில் ஒரு சிறகை அம்மியில் வைத்து மூச்சுப் பிடித்து அரைத்தேன். வந்தது மிளகுத்தூள் போலக் கறுத்த தூள். தண்ணீர் விட்டேன், பசை கலந்தேன், வெயிலில் பிடித்தேன், ஊகூம். நிறத்தை நானே கொன்றுவிட்டேன் என்று அழுத அழுகையில் மாமி ஓடி வந்துவிட்டார். "அம்மியில பூச்சியையாடி அரைச்ச?" என்று தலையிலடித்துக்கொண்ட அப்பா, அம்மியை மூன்று முறை கழுவிய பிறகும் ஒரு கிழமை சம்பல் தொடவில்லை. அம்மாவுக்கு "நான் சுகம்" என்று மட்டும் எழுதினேன்.

அந்தப் பச்சை சாயமே அல்ல என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. கண்ணுக்கெட்டாத மெல்லிய தாள்கள் சிறகில் அடுக்கடுக்காய் இருக்கின்றனவாம். அவற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறதாம், சவர்க்கார நுரையில் தெரிகிற வானவில்லைப் போல. அடுக்கை நொறுக்கினால் நிறமும் இல்லை. பாவம், அம்மி என்ன செய்யும்!

நாலு வருடம் கழித்து அம்மா வந்து இறங்கிய அன்றே, பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த மற்றச் சிறகை எடுத்துக்கொண்டு போய் எதிரே நின்று நீட்டினேன்.

"பச்சை வடிவா இருக்கா அம்மா?"

"பச்சையா? செம்பு நிறம்தானே மனே."

மாமி சொன்னது சரி, மறந்துதான் போனார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "இஞ்சால வந்திருந்து பாரு" என்று தன் பக்கத்தில் இருத்தினார். அங்கிருந்து பார்த்தால் செம்புதான். அதுவரை ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான், அன்று பொழுது சாயும்வரை அம்மாவை ஒட்டியே இருந்தேன்.

மதில் கட்டுவதற்காக வாகையைத் தறித்தாயிற்று. அந்தப் பக்கம் பொன்வண்டைக் கண்டவர்களே இப்போது இல்லை. நானும் தோஹாவில் வேலைக்கு வந்து வருடங்களாகிவிட்டன. போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போது அம்மா அந்தச் சிறகைத் தேடியெடுத்து வந்து போனுக்கு நேரே பிடித்தார்.

"என்ன நிறம் தெரியுது?"

திரையில் ஒரு கறுப்புப் பொட்டுத்தான் தெரிந்தது. "பச்சை அம்மா" என்றேன்.

"எனக்குச் செம்பு. எப்ப மனே இஞ்சால வந்திருந்து பாப்பாய்?"

"அடுத்த மாசம் வாறன்" என்றேன். போன மாதமும் அதைத்தான் சொன்னேன்.